பெரியாஸ்பத்திரியில் யார் யாருக்குப் பாடம் நடத்துகிறார்கள்?

சென்ட்ரலில் விடிகாலை வந்து நிற்கும் ரயில்களிலிருந்து இரண்டு வகைக் கூட்டம் இறங்கும். ஒரு கூட்டம் ஆட்டோ, மெட்ரோ, பஸ் என்று கலைந்துவிடும். இன்னொன்று எக்ஸ்ரே கவரையும் ஒயர் கூடையையும் தூக்கிக்கொண்டு சாலையின் எதிர்ப்பக்கம் போகும். நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்கு கேட்கும், அரக்கோணம், திருத்தணி ஆட்கள் இருப்பார்கள், கூடவே இரவெல்லாம் உட்கார்ந்தே வந்த யாராவது ஒரு அம்மா. வாசலில் 2011 முதல் 'ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை' என்று பெயர். பஸ் கண்டக்டருக்கு அது இன்னும் ஜி.எச்.தான். வடசென்னைப் பெரியவர்களுக்குப் பெரியாஸ்பத்திரி.

3,000-க்கும் மேல் படுக்கைகள், நாளொன்றுக்கு 10,000-க்கும் மேல் புறநோயாளிகள் என்று சொன்னால் பிரம்மாண்டமாகத்தான் இருக்கும். எனக்கு அந்த எண்களைவிட அங்கே நடக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல்மேல்தான் ஆர்வம். அதே வளாகத்தைச் சேர்ந்தது சென்னை மருத்துவக் கல்லூரி, எம்.எம்.சி. ஆண்டுக்கு 250 பேர் எம்.பி.பி.எஸ். சேர்கிறார்கள். மேற்படிப்புக்காரர்கள் தனி. இவர்கள் எல்லோரும் எதைப் பார்த்து, யாரைத் தொட்டுக் கற்கிறார்கள்? மேலே சொன்ன அந்த ஒயர் கூடைக் கூட்டத்தைத்தான். "காசில்லாமப் பார்க்கிறாங்க" என்று சொல்வது வழக்கம். காசு இல்லைதான். ஆனால் சும்மா இல்லை.

இந்தக் கணக்கு தொடங்கியபோது நம் ஆட்கள் அதில் எந்தப் பக்கமும் இல்லை. 1664 நவம்பர் 16 அன்று புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரி திறந்தார்கள். நோயில் விழுந்த கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்காக மட்டும். ஆண்ட்ரூ கோகன் என்பவருடைய வீட்டை மாதம் 2 வராகன் வாடகைக்குப் பிடித்தார்கள். திறந்துவைத்த ஏஜெண்ட், அதாவது கம்பெனியின் உள்ளூர்த் தலைவர், சர் எட்வர்ட் விண்டர் சுவாரசியமான ஆள். அடுத்த வருடமே, தனக்குப் பதிலாக லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட ஃபாக்ஸ்கிராஃப்டைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டு, 1668 வரை கோட்டையைத் தன் கையில் வைத்திருந்தார். சிப்பாய்களின் உடல்நலத்தில் அவருக்கு அத்தனை அக்கறை எதற்கு என்று யோசித்தால் ஏதோ புரிகிற மாதிரி இருக்கும். இது என் சந்தேகம்தான், வரலாறு இல்லை.

அப்புறம் 1690-இல் கவர்னர் எலிஹூ யேல் காலத்தில் கோட்டைக்குள்ளேயே பெரிய இடம் கிடைத்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் யார் பெயரில் இருக்கிறதோ அவரேதான். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், மூன்று வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தக் களேபரத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி கோட்டையை விட்டு வெளியேறி, எங்கெங்கோ ஒண்டுக்குடித்தனம் செய்து, 1772-இல் இப்போதிருக்கும் இடத்தில் நிலைத்தது. எதிரே ரயில் நிலையம் வருவதற்கு இன்னும் நூறாண்டு இருந்தது.

அந்தக் காலகட்டத்திலேயே அங்கே கற்பிக்கும் வேலையும் ஆரம்பமாகிவிட்டது. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், உள்ளூர்க்காரர் என்று சிலருக்கு நோய் பார்க்கவும் மருந்து கலக்கவும் சொல்லிக்கொடுத்து மாவட்ட மருந்தகங்களுக்கு அனுப்பினார்கள். இதற்கு ஒழுங்கான வடிவம் வந்தது 1835 பிப்ரவரி 2 அன்று. மார்ட்டிமர் என்ற மருத்துவர் தனியாக நடத்திவந்த வகுப்பை அரசு எடுத்துக்கொண்டு மருத்துவப் பள்ளியாக்கியது. கவர்னர் ஃபிரெடரிக் ஆடம் திறந்துவைத்தார். 1842-இல் இந்தியர்களுக்குப் பரவலாகக் கதவு திறந்தது. 1850 அக்டோபர் 1 முதல் அது கல்லூரி.

அதுவரை ஏழை உள்ளூர்க்காரர் நோய் என்று எங்கே போனார்? வண்ணாரப்பேட்டைப் பக்கம். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றுவதற்காக ஏற்பட்ட மணியக்காரர் சத்திரம் அங்கே இருந்தது. அதோடு சேர்ந்து ஒரு மருத்துவமனையும் வளர்ந்தது. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று ஊரார் பெயர் வைத்தார்கள். 1938-இல் மருத்துவக் கல்லூரியாகி, இன்று நாம் ஸ்டான்லி என்று சொல்வது அதைத்தான். ஆக, சென்னையின் இரண்டு பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒன்று சிப்பாய்க்காகவும் மற்றது கஞ்சிக்காகவும் தொடங்கியது. இரண்டாவதன் பிறப்பு எனக்கு நெருக்கமாகப் படுகிறது. ஆனால் இன்று பேச எடுத்தது முதலாவதைப் பற்றி.

எம்.எம்.சி.யின் வரலாற்றில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் வருடம் 1875. அந்த வருடம் நான்கு பெண்கள் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்கள். உலகத்தில் அப்போது பெண்களைச் சேர்த்துக்கொண்ட மருத்துவக் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். லண்டன் பல்கலைக்கழகமே பெண்களுக்குப் பட்டம் தரச் சம்மதித்தது 1878-இல்தான். நால்வரில் ஒருவர் மேரி ஷார்லிப். சென்னையில் வழக்கறிஞராக இருந்த ஓர் ஆங்கிலேயரின் மனைவி. கோஷா வழக்கமுள்ள வீடுகளில் பெண்கள் ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாமல் பிரசவத்தில் செத்துப்போவதைக் கேட்டுக் கேட்டுப் படிக்கவே வந்துவிட்டார். தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த எட்வர்ட் பால்ஃபர் கல்லூரிக் கதவு திறக்கத் துணை நின்றார். 1878-இல் இங்கே தேறி, லண்டன் போய் மேலும் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பிய மேரி, 1885-இல் பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை தொடங்கினார். திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதன் தொடர்ச்சி. 

முத்துலட்சுமி ரெட்டி 1907-இல் புதுக்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்தார், 1912-இல் பட்டம் வாங்கினார். அவரைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள் என்பதால் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். 1935-இல் எம்.எம்.சி. நூற்றாண்டு விழாவில் பேசும்போது, புற்றுநோய்க்குத் தனியாக ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற ஆசையை அவர் சொன்னார். அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-இல் வேலையைத் தொடங்கியது. நூற்றாண்டு விழாவில் எத்தனையோ பேர் எதையோ பேசியிருப்பார்கள். ஒரு பேச்சு கட்டடமாக எழுந்து நிற்பது அபூர்வம்.

இந்த ஆஸ்பத்திரிக்கு உலக மருத்துவப் புத்தகங்களிலும் ஓர் இடம் உண்டு. லீஷ்மேனியா டோனோவானி என்பது காலா அசார் காய்ச்சலை உண்டாக்கும் கிருமியின் பெயர். இரண்டாம் பாதியில் இருக்கும் டோனோவன், எம்.எம்.சி. பேராசிரியராகவும் ஜி.எச். மருத்துவராகவும் இருந்த சார்லஸ் டோனோவன். 1903-இல், விடாத காய்ச்சலோடும் வீங்கிய மண்ணீரலோடும் சென்னையில் வந்து படுத்தவர்களிடம் அந்தக் கிருமியை அவர் பார்த்தார். இறந்தவர் உடலில் மட்டுமல்லாமல் உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்திலும் பார்த்ததுதான் விஷயத்தை உறுதியாக்கியது. இங்கிலாந்தில் லீஷ்மேன் தனியாக இதையே கண்டு சற்று முன்னதாக எழுதிவிட்டார். யாருக்குப் பெருமை என்று சண்டை வந்தபோது இரண்டு பேர் பெயரையும் சேர்த்து வைத்துத் தீர்த்தவர் ரொனால்டு ராஸ். ஊசி குத்திக்கொண்ட பையன் பெயர் எந்தக் கிருமிக்கும் வைக்கப்படவில்லை. மருத்துவ வரலாறு நெடுக இந்தப் பையன்கள் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவரை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் மாமா சில வருடங்களுக்கு முன் மெடிக்கல் வார்டில் இருந்தபோது, அட்டெண்டர் பாஸ் என்னிடம்தான் இருந்தது. அடுத்த கட்டில்காரர் காசிமேட்டு ஆள், படகு எஞ்சின் மெக்கானிக். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. மருந்து, ஊசி, ஸ்கேன் என்று பல தடவை வந்து போனவர். சிஸ்டர்கள், ஆயாம்மா எல்லோரும் அவருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி.

மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் இதயத்தில் ஒரு மெல்லிய உருமல் கேட்கும். தாழ்ந்த சத்தம், சுலபத்தில் காதில் விழாது. நோயாளி இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து மூச்சை வெளியே விட்டு நிறுத்த வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பின் தட்டையான பெரிய முகத்தைத் திருப்பிவிட்டுச் சின்ன கிண்ணம் போன்ற முகத்தை, அழுத்தாமல், இடது மார்பின் கீழே சரியான இடத்தில் வைக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த மெக்கானிக் சொல்லித்தான்.

ஒரு காலையில் மூன்றாம் வருட மாணவர்கள் ஐந்தாறு பேர் வந்து சூழ்ந்தார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்தும் தலைமை மருத்துவர், சீஃப், இன்னும் வரவில்லை. முன்னால் நின்ற பையன் வெள்ளைக் கோட்டின் மடிப்புகூடக் கலையாதவன். "ஐயா, கொஞ்சம் பார்க்கட்டுங்களா?" என்றான். அவர் கேட்காமலே இடதுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பையன் வைத்துப் பார்த்தான், முகம் சுளித்தான், மறுபடி வைத்தான். "இன்னும் கொஞ்சம் கீய வைங்க தம்பி" என்றார் அவர். "அது இல்ல, திருப்பிக்கோங்க. சின்னது, சின்னது. அமுக்காதீங்க. நான் மூச்ச வுட்டுட்டு நிறுத்தறேன், அப்ப கேளுங்க." பையன் கண்ணை மூடிக்கொண்டான். சட்டென்று முகம் மாறியது. கேட்டுவிட்டது. அடுத்தவனுக்கு இடம் விட்டு நகர்ந்தபோது அவன் அவருக்குக் கைகூப்பிய மாதிரி ஒன்று செய்தான், பாதியில் வெட்கப்பட்டு நிறுத்தினான்.

சீஃப் வந்ததும் எல்லாரும் விறைப்பாக நின்றார்கள். அவர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க, ஒருத்தியும் ஒருவனும் பதில் சொல்ல, மற்றவர்கள் ஷூவைப் பார்த்தார்கள். கட்டிலில் இருந்தவர் தமிழில் என்னைப் பார்த்து, "இப்ப கேக்கறாரு பாருங்க, சத்தம் ஏன் வருதுன்னு, யாருக்கும் தெரியாது" என்றார். யாருக்கும் தெரியவில்லை.

பரீட்சைக் காலத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு ஏகக் கிராக்கி. இறுதியாண்டுத் தேர்வில் மாணவன் ஒரு நோயாளியோடு உட்கார்ந்து, கதை கேட்டு, உடம்பைப் பார்த்து, என்ன நோய் என்று தேர்வாளரிடம் சொல்ல வேண்டும். லாங் கேஸ், ஷார்ட் கேஸ் என்பார்கள். தேர்வறையில் நோயாளிக்குத் தன் நோய் என்ன என்று தெரியும், மாணவனுக்குத் தெரியாது. பயந்து நடுங்கும் பிள்ளைக்கு "வால்வும்மா" என்று காதோரம் சொல்லிவிட்ட நோயாளிகளைப் பற்றி எந்த அரசு டாக்டரைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பார்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, எல்லாப் பயிற்சி மருத்துவமனைகளையும் சேர்த்தே சொல்கிறேன். மாணவர்கள் பார்ப்பதற்கு "வேண்டாம்" என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. அப்படிச் சொன்னால் சிகிச்சை நிற்காது. ஆனால் இது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லத் துணிய மாட்டார்கள். முக்கியமாகப் பெண்கள் வார்டில் இதை யாராவது முதலிலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் காசிமேட்டுக்காரர் மனமுவந்து கொடுத்தார். எல்லோரும் அப்படிக் கொடுக்கிறார்கள் என்று நாம் வசதியாக நம்பிக்கொள்ளக் கூடாது.

சரி, மருத்துவர்கள் பக்கம் வருவோம். ஜி.எச். முன்னால் ஒரு சிலை நிற்கிறதே, பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள், அது டாக்டர் எஸ். ரங்காச்சாரி. 1934-இல் டைபாய்டில் இறந்துபோன பெரிய சர்ஜன். தொலைவிலிருக்கும் நோயாளிகளைப் பார்க்கச் சொந்தமாக ஒரு குட்டி விமானமே வாங்கியவர். 1939-இல் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானவர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார். அவர் எழுதிய மகப்பேறு மருத்துவப் பாடநூல் இன்றும் மாணவர் கையில் இருக்கிறது. திறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகே ஓர் இந்தியருக்கு அந்த நாற்காலி கிடைத்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம், ஆனால் எனக்குப் பிடித்தது சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தியின் கதை. இங்கிலாந்தில் மூளை அறுவை சிகிச்சை படித்துவிட்டு வந்த அவர், 1950-இல் ஜி.எச்.சில் அதற்கென்று தனித் துறை தொடங்கினார். அப்போது இந்தியாவில் இந்த வேலை செய்தவர்கள் மிகச் சிலர். ஸ்கேன் என்ற சொல்லே இல்லாத காலம். மண்டைக்குள் கட்டி எங்கே இருக்கிறது என்பதை நோயாளியின் நடை, பார்வை, பேச்சு, கை கால் வலு இவற்றை வைத்தே பாதி கண்டுபிடிக்க வேண்டும். அதாவது மறுபடி நோயாளியின் உடம்பைப் படிக்க வேண்டும். பாலசுப்பிரமணியம், கல்யாணராமன் போன்ற சகாக்களோடு சேர்ந்து, மண்டையில் ஒரு சட்டம் பொருத்தி அளவெடுத்து, சிறு துளை வழியாக மூளையின் உள்ளே குறிப்பிட்ட புள்ளியை மட்டும் தொடும் ஸ்டீரியோடாக்டிக் முறையை இங்கே வளர்த்தார்கள். பின்னால் அந்தத் துறை நரம்பியல் நிலையமாக விரிந்தது.

இனி 1986. இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று நினைத்ததே இதற்காகத்தான்.

எய்ட்ஸ் அப்போது அமெரிக்காவின் நோய். இந்தியாவில் அது வராது, நம் ஒழுக்கம் அப்படிப்பட்டது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. எம்.எம்.சி.யில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வேட்டுக்குத் தலைப்பு வேண்டியிருந்தது. பேராசிரியை சுனிதி சாலமன், எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி இங்கே இருக்கிறதா என்று தேடிப் பார் என்றார். நிர்மலா தயங்கினார். சின்ன ஊரில் கட்டுப்பெட்டியாக வளர்ந்தவர், வயது 32, இரண்டு குழந்தைகள். பாலியல் தொழிலாளிகளின் ரத்தம் வேண்டும், அவர்களை எங்கே போய்ப் பார்ப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஊக்கப்படுத்தி அனுப்பியவர் அவருடைய கணவர். போலீஸ் பிடித்துவந்த பெண்களை வைத்திருந்த காப்பகத்துக்குப் போய், தற்காப்புக் கவசம் எதுவும் இல்லாமல் ரத்தம் எடுத்தார். எதற்கு எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்கும் சொல்லப்படவில்லை. இன்றைய விதிப்படி அது நடக்கவே முடியாது, நடக்கவும் கூடாது.

80-க்கும் மேல் மாதிரிகள் சேர்ந்தன. சீரம் பிரித்து வைக்கச் சரியான இடம் இல்லை. நிர்மலா தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். சென்னையில் இதைச் சோதிக்க வசதி கிடையாது, வேலூர் சி.எம்.சி.யில் வைரஸ் நிபுணர் ஜேக்கப் ஜான் ஏற்பாடு செய்து கொடுத்தார். 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு காட்பாடிக்கு ரயில் ஏறினார்கள் நிர்மலாவும் கணவரும். சோதனைத் தட்டைத் திறந்து பார்த்தபோது 6 மாதிரிகள் மஞ்சளாக மாறியிருந்தன, அதாவது எச்.ஐ.வி. இருக்கிறது. நம்ப முடியாமல் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்கா வரை அனுப்பி உறுதி செய்தார்கள். செய்தி டெல்லிக்குப் போனது. அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி. மே மாதம் தமிழகச் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். ரத்த வங்கிகளில் சோதனை, கண்காணிப்பு, விழிப்புணர்வு என்று இந்தியா எச்.ஐ.வி.க்கு எதிராக எடுத்த முயற்சிகள் எல்லாம் அதற்கப்புறம் வந்தவை.

நிர்மலா 1987-இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துத் தேறினார், கிண்டி கிங் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து ஓய்வும் பெற்றார். நாடு அவரைக் கண்டுகொள்ள வெகு காலம் ஆனது. சுனிதி சாலமன் 1993-இல் எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். 2015-இல் அவர் காலமான பிறகு பத்மஸ்ரீ வந்தது. நான் சொல்ல வருவது இதுதான்: இந்தப் பெரிய கண்டுபிடிப்பு எந்தப் பெரிய திட்டத்திலிருந்தும் வரவில்லை. பரீட்சைக்கு ஆய்வேடு எழுதியாக வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து வந்தது. கற்பிக்கும் ஆஸ்பத்திரி என்றால் நோயைப் பற்றிக் கேள்வி கேட்டே ஆகவேண்டிய இளைஞர்கள் வருடாவருடம் அங்கே வந்து சேர்கிறார்கள். தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் இதைவிட நல்ல மெஷின் இருக்கும். இந்தக் கட்டாயம் இருக்காது.

இப்போது அங்கே என்னென்ன கிடைக்கிறது என்று கேட்டால், கிடைக்காததைச் சொல்வது எளிது. இதயம், சிறுநீரகம், நரம்பு, மூட்டு, குடல், ரத்தநாளம், எலும்பு, புற்றுநோய் என்று துறை துறையாக இருக்கிறது. குழந்தைகளுக்கும் பிரசவத்துக்கும் கண்ணுக்கும் எழும்பூரில் தனித்தனி மருத்துவமனைகள், மூன்றும் எம்.எம்.சி. குடும்பம். அதில் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜி.எச்.சின் பழைய கட்டடங்களை இடித்துவிட்டு இரட்டை அடுக்குமாடிகள் எழுப்பினார்கள். பின்புறம் இருந்த பழைய மத்தியச் சிறை, கைதிகள் 2006-இல் புழலுக்குப் போனபின் இடிக்கப்பட்டு, அந்த நிலத்தில் கல்லூரியின் புதுக் கட்டடம் வந்தது. உடற்கூறியல் வகுப்பு நடந்த செங்கோட்டைக் கட்டடம் மட்டும் 1897-இலிருந்து அப்படியே சிவப்பாக நிற்கிறது.

விபத்து என்று வருபவர்களை வாசலிலேயே பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை வந்திருக்கிறது. உயிர் போகும் நிலையில் இருப்பவர் சிவப்பு, உடனே உள்ளே. டோக்கன், சீட்டு எல்லாம் அப்புறம். 2021 டிசம்பரில் வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பொறுப்பு. எந்த ஊர்க்காரர், எந்த மாநிலம் என்று கேட்பதில்லை. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும்.

சாலை விபத்தோடு சேர்ந்ததே உடல் உறுப்பு தானமும். மூளைச்சாவு என்று முடிவு செய்வது ஒருவர் வேலை இல்லை. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துக் கையெழுத்திட வேண்டும். அதோடு யாரோ ஒருவர் குடும்பத்திடமும் பேச வேண்டும். காலையில் வேலைக்குப் போன மகன் இனி வரமாட்டான் என்று இன்னும் மனசு ஒப்புக்கொள்ளாத ஒரு தாயிடம். தமிழ்நாடு இந்தத் தானத்தில் முன்னால் நிற்கிறது என்றால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் டூவீலரில் போன சாதாரண வீட்டுப் பிள்ளைகளின் குடும்பங்கள் இருக்கின்றன. 2023 செப்டம்பரில் தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு.

யாரும் கவனிக்காத இன்னொன்று, மாத்திரை. ஃபார்மசி ஜன்னலில் வாங்கும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், தமிழ்நாடு அரசு வழங்கியது, விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வேலை அது. அதற்கு முன் அரசு ஆஸ்பத்திரி என்றால் மருந்தை வெளியில் எழுதிக் கொடுப்பார்கள் என்பதே அனுபவம். மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக டெண்டர், பிராண்ட் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் கொள்முதல், தரச் சோதனை முடிந்த பிறகே விநியோகம், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் பாஸ்புக் போல ஒரு பாஸ்புக் என்று வைத்தார்கள். இதைப் பார்த்துக் கேரளமும் ராஜஸ்தானும் தங்களுக்கென்று கழகம் அமைத்தன. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்கும் ஒரு பெரியவருக்கு, தமிழ்நாட்டு மருத்துவத் துறையின் மிகப்பெரிய சாதனை அவர் சட்டைப்பையில் இருக்கிறது.

கூட்டம் குறைந்திருக்கிறதா என்று கேட்டால், இல்லை. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். அனேகமாக எல்லா மாவட்டத்திலும் இன்று ஒன்று இருக்கிறது. ஆனாலும் கடைசியில் "மெட்ராஸுக்குக் கொண்டு போயிடுங்க" என்ற வாக்கியம் மறையவில்லை. 2020 முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சிப்பாய் ஆஸ்பத்திரியில் யார் கற்கலாம் என்ற கேள்விக்கு 1842, 1875 என்று வந்த பதில்களின் வரிசையில் இதையும் வைக்கிறேன். அம்மா இந்த வார்டில் படுத்திருந்தபோது கட்டிலுக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை, அதே வார்டில் கேஸ் ஷீட் எழுத வரும் வாய்ப்பு இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறது.

முதல்முறை போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. புறநோயாளிப் பிரிவுக்குக் காலையில் சீக்கிரம் போங்கள், மதியத்துக்கு மேல் போய்ப் பயனில்லை. பழைய சீட்டு, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், தேதி வாரியாக அடுக்கி எடுத்துப்போனால் உங்களைப் பார்க்கும் மேற்படிப்பு மாணவருக்குப் பாதி வேலை மிச்சம். ரேஷன் கார்டு, ஆதார், இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றும் வேண்டும், அறுவை சிகிச்சை என்றால் காப்பீடு அரசு மருத்துவமனையிலும் பயன்படும். கூட ஒருத்தர் கட்டாயம் இருக்கட்டும், மாத்திரை வரிசையிலும் சோதனைக்கூட வரிசையிலும் ஒரே ஆள் நிற்க முடியாது. உள்ளேயே அம்மா உணவகம் இருக்கிறது. ரவுண்ட்ஸ் நேரத்தில் சீஃப்பைச் சுற்றி ஒரு படையே நிற்கும், அப்போது தயங்கி நின்றால் கேட்க நினைத்ததைக் கேட்க முடியாது. அதே மாணவர்களில் யாராவது ஒருவர் மதியம் தனியாக உங்கள் கட்டிலுக்குத் திரும்பி வருவார், கதை கேட்க. அவருக்கு நேரம் இருக்கும். அப்போது கேளுங்கள்.